பத்தொன்பது வினாடி நின்றவர்

மைக்கக்காவின் கால்கள், ஒரே அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவர்களைப் போன்றவை. காலையில் நேரத்துக்கு வந்து கையெழுத்துப் போடும். பதினோரு மணி டீக்குப் பிறகு எங்கே போயின என்று யாராலும் சொல்ல முடியாது. சில நாள் வராமலேயே இருந்துவிடும். முன்கூட்டி லீவு கடிதம் கொடுக்கும் வழக்கமும் கிடையாது. தசைகள் பாதி நாளிலேயே தளர்ந்துபோகிற இந்த வியாதிக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க அவர் ஒருவரால்தான் முடியும். மூச்சுப் பிடித்துப் பேசுவதுதானே அவருடைய பிழைப்பு.

பேருந்து நிலையத்தில் பதினாறு வருடமாக அறிவிப்பாளர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் பொட்டலம் விற்பவர்களுக்கும் அவர் மைக்கக்கா. எட்டடிக்கு ஆறடியில், விசாரணை ஜன்னலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு மேசை, கைக்குட்டை கட்டிய மைக் ஒன்று, கைக்குட்டை கட்டாத பழுதான மைக் ஒன்று, வண்டி எண்கள் எழுதிய அட்டை. வண்டி உள்ளே நுழையும்போது டிரைவர் கண்ணாடியைப் பார்த்து விரல்களைக் காட்டுவார். மூன்று விரல் என்றால் மூன்றாவது நடைமேடை. ஐந்து விரலோடு கையை ஆட்டினால் ஐந்தாவது நடைமேடை, கிளம்பத் தாமதமாகும், திட்டாதீர்கள் என்று பொருள். இந்தப் பாஷையை எந்த அதிகாரியும் வகுக்கவில்லை. அதனால்தான் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் கால்கள் தகராறு செய்ய ஆரம்பித்தன. பிறகு சக்கர நாற்காலி வந்தது. அதன் பின்னால் ஒரு மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் வந்தது. அந்தச் சான்றிதழ் அவரைத் தவிர இன்னொருவர் வாழ்க்கையையும் பாதித்தது. நிலைய மேலாளருக்கு அந்தக் கண்ணாடி அறையின் மேல் ஒரு கண். அதைக் காலி செய்து கைபேசிக் கடைக்கு விட்டுவிட்டு, மைக்கை முதல் மாடிக்கு ஏற்றிவிட வேண்டும் என்பது அவருடைய மூன்று வருடக் கனவு. ஆனால் மாடிக்கு இருபத்திரண்டு படி. லிஃப்ட் கிடையாது. சான்றிதழ் வைத்திருப்பவரை மேலே அனுப்ப முடியாது. ஒற்றைத் தாள், அரசாங்க முத்திரையோடு, மேலாளர் கனவின் குறுக்கே காலை நீட்டிப் படுத்திருந்தது.

மைக்கக்காவுக்கும் இது தெரியும். அறை மேலே போனால் தன் வேலையும் போய்விடும் என்பதும் தெரியும். அதனால் அந்தத் தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, அலமாரியில் கணவரின் கல்யாணச் சட்டைக்கு அடியில் வைத்திருந்தார். அவருக்கு இப்போது பத்தாத அந்தச் சட்டையை இனி யாரும் எடுக்கப்போவதில்லை என்ற நம்பிக்கை.

இப்போது சம்பவத்துக்கு வருவோம்.

நிலையத்தின் வாசலில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு மேடு. சக்கர நாற்காலிக்காக அதன் ஓரத்தில் ஒரு சரிவுப் பாதை கட்டியிருந்தார்கள். கட்டி முடித்ததும், வாசலில் சும்மா கிடக்கும் ஒரே இடம் அதுதான் என்பதைக் கண்டுபிடித்து, நகரை அழகுபடுத்தும் திட்டத்தின் கீழ் அதன் மேல் மூன்று சிமெண்டுப் பூந்தொட்டிகளை வைத்துவிட்டார்கள். செடி பட்டுப்போய்விட்டது, தொட்டிகள் மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தன. எனவே மைக்கக்கா தினமும் காலையில், கால்கள் இன்னும் பணியில் இருக்கும் நேரமாகப் பார்த்து, மேட்டுக்கு முன்னால் நாற்காலியை நிறுத்துவார். எழுந்து நிற்பார். நாற்காலியைத் தூக்கி மேலே வைப்பார். தானும் ஏறி, மறுபடி உட்கார்ந்து, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விடுவார். மூன்று வருடமாக நடந்துவந்த காரியம். யாரும் உதவவுமில்லை, யாரும் சந்தேகப்படவுமில்லை.

அன்றைக்கு ஒருவர் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தார். பஸ்ஸைத் தவறவிட்டவருக்கு நிலையத்தில் இருக்கும் எல்லாவற்றின் மேலும் கோபம் வரும். கையில் கைபேசியும் இருக்கும். அவர் எடுத்த படம் பத்தொன்பது வினாடி ஓடியது. மேலே இப்படி எழுதியிருந்தார்: "நம் வரிப்பணத்தில் ஓர் அற்புதம். முடமானவர் எழுந்து நடக்கிறார், பாருங்கள்."

காலை வரைக்கும் அந்த வியாதியைப் பற்றி அறிந்த மருத்துவர்கள் அந்த ஊரில் மூன்றே பேர். மாலைக்குள் நாற்பதாயிரம் பேர் ஆகிவிட்டார்கள். மருத்துவக் கல்வி இவ்வளவு வேகமாகப் பரவிய வரலாறு வேறு எங்கும் இல்லை. ஒருவர் படத்தை நிறுத்தி, செருப்பின் அடியில் சிவப்பு வட்டம் போட்டு, "அடி தேய்ந்திருக்கிறது, கவனியுங்கள். நடக்காதவருக்குச் செருப்பு எப்படித் தேயும்?" என்று கேட்டார். இன்னொருவர் நகப்பூச்சைக் கண்டுபிடித்தார். வேறொருவருடைய பெரியம்மாவுக்கும் கால்வலியாம். அவர் இன்றைக்கும் இரண்டு குடம் தண்ணீர் தூக்குகிறாராம். அந்தப் பெரியம்மாவை யாரும் சந்தேகிக்கவில்லை.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் அதையெல்லாம் வாசித்துக் காட்டினாள்.

"அம்மா, நீ நாற்காலியைத் தூக்குற வேகத்தைப் பார்த்து ஒருத்தர் உன்னைப் பளு தூக்கப் போகச் சொல்றார்."

"அது மடக்கு நாற்காலிடி. வெயிட்டே கிடையாது."

"அதை எங்க போய்ச் சொல்றது?"

கணவர் நிலையத்துக்கு எதிரே பெட்டிக்கடை மாதிரி ஒன்றை வைத்துச் சாவி செய்பவர். சாவிக்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எந்தப் பூட்டுக்கும் ஒரு வழி இருக்கும் என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த நம்பிக்கை. "எல்லாருக்கும் பொறுமையா விளக்கினா புரிஞ்சுக்குவாங்க" என்று சொல்லி, ஒவ்வொரு கருத்துக்கும் கீழே பதில் எழுத உட்கார்ந்தார். நூற்று நாற்பதாவது பதிலில், "எவ்வளவு தர்றாங்க உனக்கு?" என்று ஒருவர் கேட்டார். சாவிக்காரர் நேர்மையானவர், மனைவியின் சம்பளத்தைச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு சம்பளத்தைப் பற்றித் தனியாக ஒரு சண்டை ஆரம்பித்தது.

மகள் வேறு வழியில் போனாள். கால்கள் முழுநாள் லீவு போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா படுக்கையில் புரளக்கூட முடியாமல் கிடப்பதைப் படமெடுத்துப் போட்டாள். வந்த முதல் கருத்து: "பவுடர் போட்டுப் படுத்திருக்கிறார்." இரண்டாவது: "தலையணை உறை புதுசு."

இதோடு நின்றிருந்தால் ஊர் மறந்திருக்கும். அடுத்த வாரம் வேறொருவர் மாட்டியிருப்பார். ஆனால் மைக்கக்கா ஒரு தவறு செய்தார். பதினாறு வருடம் மைக்கின் முன்னால் உட்கார்ந்தவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு. ஊரில் ஒரு குழப்பம் என்றால் அதைத் தெளிவாக, நிறுத்தி, இரண்டு முறை அறிவித்துவிட்டால் தீர்ந்தது என்பது அவருடைய நினைப்பு. நடைமேடை மாறினால் அப்படித்தான் தீரும். திங்கட்கிழமை காலை, பதினேழாம் எண் வண்டியை அனுப்பிவிட்டு, கைக்குட்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பத்தொன்பது வினாடி படத்தில் இருப்பவர், இப்போது பேசிக்கொண்டிருக்கும் நான்தான். என்னால் எழுந்து நிற்க முடியும். காலையில் சில நிமிடம் முடியும். பிறகு முடியாது. சில நாள் அறவே முடியாது. இது நடிப்பல்ல, வியாதி. நன்றி."

வழக்கப்படி இன்னொரு முறையும் சொன்னார். பொட்டலம் விற்பவர் ஒருவர் கை தட்டினார். மைக்கக்காவுக்கு மனசு லேசானது.

மத்தியானத்துக்குள் அதுவும் படமாகிவிட்டது. ஒலிபெருக்கியின் குரல், "என்னால் எழுந்து நிற்க முடியும்" என்று கணீரென்று சொல்கிறது. அங்கேயே வெட்டியிருந்தார்கள். மேலே, "குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று போட்டிருந்தது. இப்படி ஒரு சுத்தமான உச்சரிப்பில் வாக்குமூலம் கிடைப்பது அரிது என்று பலர் பாராட்டினார்கள்.

சாயங்காலம் மேலாளர் கண்ணாடி அறைக்கே வந்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"என்னம்மா இது, ஆபீஸ் மைக்குல சொந்த விஷயம் பேசலாமா?"

"சார், பாதியை வெட்டிட்டாங்க சார்."

"நான் வெட்டலையேம்மா. எனக்கு நீங்க நடந்தாலும் ஒண்ணுதான், நடக்கலைன்னாலும் ஒண்ணுதான். ஆனா ஜனங்க கேக்கறாங்களே. ஒரு விசாரணை வெச்சு முடிச்சுடுவோம். உங்களுக்கும் நல்லது. நடக்க முடியாதுன்னு தெரிஞ்சா அறை இங்கேயே இருக்கட்டும். முடியும்னு தெரிஞ்சா மேல போகட்டும். நியாயம்தானே?"

நியாயம்தான் என்று மைக்கக்கா தலையாட்டினார். மறுநாள் கடிதம் வந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணி, நேரில் விசாரணை. இடம்: முதல் மாடி, கூட்ட அறை.

மைக்கக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மேலாளருக்குப் போன் போட்டார்.

"சார், மாடி ஏற முடியுமாங்கறதுதானே விசாரணையே? அதை மாடியில வெச்சா எப்படி சார்?"

"கீழ கூட்ட அறை கிடையாதேம்மா."

"நான் வராட்டி?"

"வரலைன்னு எழுதிக்குவோம். ஒருதலையா முடிவு பண்ண வேண்டியிருக்கும்."

"வந்துட்டா?"

"வந்துட்டா ரொம்ப சந்தோஷம்."

இந்தப் பதிலின் அழகை ரசிக்கும் நிலையில் அவர் இல்லை. அன்று முதல் வீட்டில் ஆலோசனைக் கூட்டம். பூட்டு ரிப்பேர் செய்யும் மேசையை ஒதுக்கிவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"நான் தூக்கிட்டுப் போறேன்" என்றார் சாவிக்காரர்.

"நீங்க தூக்கினா, புருஷனும் கூட்டுன்னு சொல்லுவாங்க."

"தலையை வாராம வாம்மா. யூனியன் செயலாளரும் அதையேதான் சொன்னார்."

"காலுக்குத்தானேடி வியாதி? தலையை ஏன் வாரக்கூடாது?"

சாவிக்காரர் கொஞ்சம் யோசித்தார். "நடுநடுவுல கொஞ்சம் இருமேன்."

"எதுக்குங்க இருமணும்?"

"சும்மா, ஒரு ஆதரவுக்கு."

மகள் சிரித்துவிட்டாள். மைக்கக்காவும் சிரித்தார். சிரித்த வேகத்தில் அப்படியே அழவும் ஆரம்பித்தார். "உண்மையிலேயே முடியாதவளுக்கு முடியாதவ மாதிரி நடிக்கத் தெரியலைங்க" என்றார். சாவிக்காரர் மேசையில் கிடந்த ஒரு பூட்டை எடுத்துத் திறந்தார், மூடினார், திறந்தார். அதற்குச் சாவி இருந்தது.

அந்த வாரம் செவ்வாயும் புதனும் லீவு போட்டுப் படுத்துக் கிடந்தார். கால்களைக் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவைத்தார். வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே மாடிப்படியின் அடியில் இருந்தார். கணவரைக் கடைக்குப் போகச் சொல்லிவிட்டார். மாடிக் கதவைத் திறக்க வந்த கடைநிலை ஊழியர், கையில் சாவிக்கொத்தோடு மேலே நின்றிருந்தார். மைக்கக்கா படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, ஒரு படி மேலே நகர்ந்தார். மூச்சு வாங்கினார். இன்னொரு படி. எட்டாவது படியில் கால்கள் விடைபெற்றுக்கொண்டன. மீதி பதினாலும் கைகளின் தயவு. நாற்பது நிமிடம். மேலே போய் ஒரு நாற்காலியைப் பிடித்து இழுத்து ஏறி உட்கார்ந்ததும், உடையில் ஒட்டிய தூசியைத் தட்டினார், முகத்தைத் துடைத்தார், கலைந்த தலையைச் சரிசெய்துகொண்டார். யார் சொல்லியும் கேட்காத பழக்கம் அது.

விசாரணைக் குழு பன்னிரண்டரை மணிக்கு வந்தது. மூன்று பேர்: மேலாளர், கணக்கு அதிகாரி, ஒரு மருத்துவர். மருத்துவர் தோல் நிபுணர். அன்றைக்கு வேறு யாரும் கிடைக்கவில்லை. அவர் கடமை தவறாதவர். முழங்காலை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "தோல் நல்லா இருக்கு" என்றார். கணக்கு அதிகாரி, "மருத்துவர் பரிசோதித்ததில் குறை ஏதும் காணப்படவில்லை" என்று எழுதிக்கொண்டார்.

"எப்படிம்மா மேல வந்தீங்க?" என்றார் மேலாளர்.

"உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன் சார். நாற்பது நிமிஷம் ஆச்சு."

கணக்கு அதிகாரி "ஏறினார்" என்று எழுதினார்.

"சார், உட்கார்ந்து உட்கார்ந்துன்னு எழுதுங்க சார்."

"ஏறுறதுல ரகமெல்லாம் ஃபாரத்துல இல்லைம்மா. ஏறினார், ஏறவில்லை, ரெண்டுதான்."

"இனிமே ஒரு வாரத்துக்கு என்னால எழுந்திரிக்கவே முடியாது சார். தினமும் இப்படி ஏறணும்னா..."

"எனக்கும் மூட்டுவலிதான்" என்றார் மேலாளர், உண்மையான பரிவோடு. "நானும் மெதுவாத்தான் ஏறுவேன். அதுக்காக ஆபீஸைக் கீழ கொண்டுவரச் சொல்ல முடியுமா?"

சான்றிதழை உறையோடு நீட்டினார் மைக்கக்கா. மூவரும் மரியாதையாக வாங்கிப் பார்த்தார்கள். "இது அஞ்சு வருஷம் முன்னாடி வாங்கினது. படம் போன மாசத்துது" என்றார் கணக்கு அதிகாரி. புதியதுதானே நம்பகமானது என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை யாரும் கிழிக்கவில்லை, பொய் என்றும் சொல்லவில்லை.

தீர்மானம் ஒரே வாக்கியம்: "சம்பந்தப்பட்ட ஊழியர் நேரில் வந்து, படியேறி, விளக்கமளித்தார்." அதன் கீழே, ஒன்றாம் தேதியிலிருந்து அறிவிப்பு அறை முதல் மாடிக்கு மாற்றப்படுகிறது என்று இருந்தது. கையெழுத்துப் போடும் இடத்தை மேலாளர் விரலால் காட்டினார்.

"படியேறிங்கறதை மட்டும் எடுத்துடுங்க சார்."

"உண்மையைத்தானேம்மா எழுதியிருக்கோம்?"

மைக்கக்கா அந்த வார்த்தையை இன்னொரு முறை படித்தார். அதில் ஒரு பிழையும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

குழு இறங்கிப் போயிற்று. ஊழியர் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, பூட்டணும்."

"பூட்டுப்பா. என்னால எறங்க முடியாது."

"ஏறினீங்களே."

"ஏறினேன்."

"எறங்குறது அதைவிட சுலபம்தானேக்கா?"

மைக்கக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். "காலைல பூரா நீ மேல நின்னு பாத்துட்டுத்தானே இருந்தே? அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னை யாருக்கா கேட்டாங்க?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

அவர் வெகுளியாகத் தலையைச் சொறிந்தார். "எக்சர்சைஸ் பண்றீங்கன்னுல்ல நெனச்சேன். நல்ல முயற்சின்னு சொல்லியிருப்பேன்."

போன் போட்டதும் சாவிக்காரர் ஓடி வந்தார். அந்த நாற்காலியோடு சேர்த்துத் தூக்கிவிடலாம் என்று முடிவாயிற்று. முன்னால் ஊழியர், பின்னால் கணவர். கீழே செய்தி பரவி, ஐம்பது அறுபது பேர் படியடியில் கைபேசியை உயர்த்தித் தயாராக நின்றார்கள். முதல் படியிலேயே மைக்கக்கா நிறுத்தச் சொன்னார்.

"என்னங்க, எந்த முகத்தை வெச்சுக்கறது? சிரிச்சா வலியில்லேம்பாங்க. அழுதா நடிப்பும்பாங்க."

"துண்டைப் போட்டு மூடிக்கோ."

"செத்துட்டான்னு போடுவாங்க."

சாவிக்காரருக்கு இதற்கு வழி தெரியவில்லை. கடைசியில் மைக்கக்கா, வண்டி எண் படிக்கும்போது இருக்கும் முகத்தையே வைத்துக்கொண்டார்; சிரிப்பும் இல்லாத அழுகையும் இல்லாத முகம். பாதி இறங்கும்போது அவருடைய கால்கள் துணியைப் போல முன்னும் பின்னும் ஆடின. சாயங்காலம் வந்த படத்துக்கு அதிகம் பேர் பாராட்டிய கருத்து இது: "முகத்தைப் பாருங்கள். ஒரு வலி தெரிகிறதா? ராணி மாதிரி பல்லக்கில் வருகிறார்."

அவர் ஒன்பது நாள் படுக்கையில் இருந்தார். பத்தாம் நாள் வேலைக்கு வந்தார். சாவிக்காரர்தான் நாற்காலியோடு மேட்டில் தூக்கி வைத்தார். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. விரல்கள் வந்துகொண்டிருந்தன, வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பதினோரு மணிக்கு ஒரு எலெக்ட்ரீஷியன் தோளில் வயர்ச் சுருளோடு கண்ணாடி அறைக்குள் தலையை நீட்டினார்.

"அக்கா, மைக்குக்கு மேல லைன் இழுக்கணும். நீங்க எந்தப் பக்கம் உட்காருவீங்க? ஜன்னல் பக்கமா, சுவர்ப் பக்கமா?"

"ஜன்னல்ல இருந்து டிரைவர் கை தெரியுமா?"

"எனக்கெப்படிக்கா தெரியும்? ஒரு நிமிஷம் மேல வந்து பாத்துச் சொல்லிடுங்க, பாயின்ட் வெச்சுடறேன்."

மைக்கக்கா கண்ணாடி வழியாக மாடிப்படியைப் பார்த்தார். "நீங்களே பாத்து ஒரு இடத்துல வெச்சுடுங்க."

"உக்காரப் போறது நீங்கதானே? இதுக்குமாக்கா சோம்பல்?" என்று அவர் செல்லமாகக் கோபித்துக்கொண்டு, சுருளை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு மேலே போனார். இரண்டிரண்டு படியாகத் தாண்டிப் போனார். அறைக்கு வெளியே ஒரு டிரைவர் நான்கு விரலைக் காட்டிக்கொண்டு காத்திருந்தார். மைக்கக்கா பொத்தானை அழுத்தினார். பயணிகளின் கனிவான கவனத்தைக் கேட்டார். இரண்டு முறை கேட்டார்.